ஒல்லி உடம்பும் ஒளிந்திருக்கும் கொழுப்பும்

"மெஷின் கெட்டுப்போச்சும்மா!" ஜாசின் பக்கம் நடந்த இலவச மருத்துவப் பரிசோதனையில் எனக்கு முன்னால் நின்ற ஐயா சொன்னது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒல்லியான உடம்பு, பி.எம்.ஐ. 22. உடற்கொழுப்போ 28 சதவீதம் என்று சீட்டில் இருந்தது.

அவர் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. நாம் ஏறி நிற்கும் அந்தத் தராசு கொழுப்பை நேராக அளப்பதில்லை. உடலுக்குள் மெல்லிய மின்சாரத்தை அனுப்பிக் கணக்குப் போடுகிறது. நீர் நிறைந்த தசையில் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பு தடுக்கும். தண்ணீர் குடிக்காமல் போய் நின்றாலே எண் ஏறலாம்.

ஆனால் எல்லாப் பழியையும் மெஷின்மேல் போட முடியாது. பூனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் கணக்கையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்பு, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் ஓட்டம், ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஏறுவது மட்டும்தானாம். (நம்மில் பலருக்கு அதுவும் இல்லை.)

பழக்கம் ஒரு பக்கம், உடல்வாகு ஒரு பக்கம். நம்மவர்களுக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். ஒல்லியாக இருப்பவருக்கு இனிப்பு நீர் வராது என்பது தோட்டத்திலும் பட்டணத்திலும் இன்னும் உலவும் நம்பிக்கை. அதை நம்பித்தான் பலர் இரத்தமே சோதிப்பதில்லை.

தையல்காரர் டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தொட்டிருந்தால், ஒருநாள் காலையில் பசியாறாமல் கிளினிக் கெசிஹாத்தான் போய், இரத்தத்தில் இனிப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்.