வரிசையில் முதலில் யார்?

தடுப்பூசி என்றால் முதியவர்களுக்கே முதலிடம் என்று கண்ணை மூடிக்கொண்டு வரிசை போடுவது எனக்கு ஒப்பவில்லை. 2009 பன்றிக் காய்ச்சலில் அதிகம் அடிபட்டவர்கள் இளையவர்கள். அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் அந்த வைரஸை மடக்கும் ஆன்டிபாடிகள் ஏற்கெனவே இருந்தன; குழந்தைகளிடம் அநேகமாக இல்லவே இல்லை. அதற்கு உறவான, 1918 பெருங்கொள்ளைக் காய்ச்சலைக் கிளப்பிய வைரஸின் வாரிசுகள் 1957 வரை மனிதரிடையே சுற்றின. சின்ன வயதில் அவற்றோடு மல்லுக்கட்டிய உடம்பு அதை மறக்கவில்லை. ஆக, வயதைவிடப் பிறந்த ஆண்டுதான் பேசுகிறது. 2012இல் அமெரிக்காவின் ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களின் வேளாண் கண்காட்சிகளில் வளர்ப்புப் பன்றியோடு வந்து நின்ற பிள்ளைகளுக்கு ஹெச்3என்2வி என்ற இன்னொரு பன்றிக் காய்ச்சல் வைரஸ் தொற்றியதும் அப்படித்தான்: அதன் மூதாதை மனிதரிடம் திரிந்த 1990களில் அவர்கள் பெரும்பாலும் பிறக்கவே இல்லை.