எலிக்கு முதலில் தீனியை நிறுத்துங்கள்

நம் பக்கத்தில் எலி என்றால் எல்லோருக்கும் நெல்தான் ஞாபகம் வரும். குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கம் போய்க் கேட்டால் எத்தனை மூட்டை போயிற்று என்று விரல் மடக்கிச் சொல்வார்கள். மாட்டுக் கொட்டகையில் ஓடும் எலிக்கு மட்டும் கணக்குப் பார்ப்பவர் குறைவு. நான் காலமெல்லாம் கணக்கு எழுதிய குமாஸ்தா. அதையும் எழுதிப் பார்த்துவிடுவோம்.

ஓர் எலி நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் தீனி தின்னும். கொட்டகையில் 20 எலி என்றால் நாளைக்கு 400 கிராம், மாதத்துக்கு 12 கிலோ. தவிடும் புண்ணாக்கும் விற்கிற விலையில் இது சின்னத் தொகை இல்லை. கடித்துச் சிந்துவதும் மூத்திரம் பெய்து கெடுப்பதும் இதற்கு மேல்.

பணம் போனாலும் போகட்டும் என்று விடலாம். மூத்திரத்தை அப்படி விட முடியாது. எலிக்காய்ச்சலின் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து மூத்திரத்தோடு வெளியே வருகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும். மாட்டுக்குத் தொற்றினால் சினை கலையும், பால் வற்றும். மனிதருக்குப் பித்தவெடிப்பு, சேற்றுப்புண் வழியாக ஏறும். விடியற்காலையில் வெறுங்காலோடு கொட்டகை கழுவுவது யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள்தான்.

நோய் முற்றும்போது சிலருக்குக் கண் மஞ்சளாகிறது. உடனே மஞ்சள்காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைப்பது நம் ஊர் வழக்கம். ஆரம்பத்திலேயே பிடித்தால் சாதாரண மாத்திரையில் குணமாகிற நோய் இது. அந்த நாட்களைப் பத்தியத்தில் கழித்தால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு பாஸ்தர், யெர்சின் பெயர்கள் மனப்பாடம். பிளேக் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் கண்டவர் யெர்சின். ஆனால் எலியின் தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்று 1898-இல் கராச்சியில் சோதனை செய்து காட்டிய பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவரைப் பலருக்குத் தெரியாது. அவர் சொன்னதைப் பல வருடம் யாரும் நம்பவில்லை. எலிக்கும் நோய்க்கும் உள்ள உறவை மனிதர்கள் ஏற்றுக்கொள்ள எப்போதுமே நாளாகிறது.

"விஷம் வைத்தால் தீர்ந்தது" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எலி மூன்று வாரச் சினையில் ஆறு, ஏழு குட்டி போடும். தீனி கிடைக்கிற வரை செத்த இடத்துக்கு வேறு எலி வந்துகொண்டேயிருக்கும். விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சாகும், அவை எலி போலச் சீக்கிரம் பெருகுவதில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழக அரசே தடை செய்திருக்கிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைப் புறையில் வைத்திருப்பது நெருப்பை வைத்திருப்பதற்குச் சமம்.

செய்ய வேண்டியதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. தவிடு, புண்ணாக்கை மூடி உள்ள தகர டிரம்மில் வையுங்கள். இரவில் தொட்டியில் மிச்சம் விடாதீர்கள். வைக்கோல் போரைக் கொட்டகைச் சுவரை ஒட்டிப் போடாமல் தள்ளிப் போடுங்கள். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை எலிக்குப் போதும். அதைக் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். பிறகு பொறி வைத்தால் பசித்த எலி தானாக வந்து விழும். கொட்டகை கழுவும்போது காலில் ரப்பர் பூட்ஸ் இருக்கட்டும்.

காலமும் முக்கியம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டைத் தேடி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தாலும் மேட்டுக்கு ஏறும். 2015 வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2018-இல் கேரளத்தில் வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் பலரைக் கொண்டுபோனது. அங்கே சேற்றில் இறங்கியவர்களுக்கு அரசே டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தது. ஒருவர் மட்டும் கொட்டகையைச் சுத்தம் செய்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும், ஆகவே தெருவே சேர்ந்து செய்ய வேண்டும். வயல் வளைகளுக்குப் புகைபோட்டுப் பிடிக்க இருளர்களைவிடத் தேர்ந்தவர்கள் இல்லை. நியாயமான கூலி கொடுத்து அழையுங்கள்.

கால்நடை மருத்துவ முகாமில் ஊசி போடுவதோடு இதையும் இரண்டு வார்த்தை சொல்லலாம். பால் சங்கங்கள் மாட்டுக்குக் கடன் கொடுக்கும்போதே ஒரு டிரம்முக்கும் சேர்த்துக் கொடுக்கலாம்.

காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் தாங்க முடியாமல் வலித்தால் வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்: "வீட்டில் மாடு இருக்கிறது, கொட்டகையில் எலி இருக்கிறது."