சட்டத்தால் சமயம் நிலைக்குமா?

மதமாற்றத்தைத் தடைசெய்ய ஒரு சட்டம் வேண்டும் என்ற குரல் நம்மவரிடையே எழுந்திருக்கிறது. கிழக்கிலும் வன்னியிலும் புதிய ஜெபக்கூடங்கள் தோன்றுகின்றன, சைவக் குடும்பங்கள் அவற்றை நாடிச் செல்கின்றன, சட்டம் போட்டுத் தடுத்தாலன்றிச் சைவம் பிழைக்காது என்று சில அன்பர்கள் பேசுகிறார்கள். அவர்களுடைய சமயப் பற்றை நாம் ஐயுறவில்லை. ஆனால் அவர்கள் கேட்பது மருந்தன்று, நஞ்சு. அந்த நஞ்சை அருந்தப் போகிறவர்கள் வேறெவருமல்லர். சட்டம் கேட்கும் சைவத் தமிழர்களே.

மக்கள் ஒரு சமயத்தை ஏன் தழுவுகிறார்கள்? ஏன் விட்டு விலகுகிறார்கள்? இக்கேள்விக்கு விடை காணாமல் சட்டம் கேட்பது, நோயறியாமல் மருந்து கேட்பதற்கு ஒப்பாகும். விடை காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. திருகோணமலைக்கு வடக்கே கட்டுக்குளம்பற்றிலுள்ள திரியாய்க்குப் போனால் போதும்.

திரியாய் தமிழ் உழவர்களின் ஊர். 1985 ஆம் ஆண்டு எரியுண்டு, மக்கள் அகதிகளாகி, பல்லாண்டுகளின் பின்னர் திரும்பி வந்து மீண்டும் மண்வெட்டி பிடித்த ஊர். அவ்வூர்க் குன்றின்மேல் பழைய பௌத்த தாதுகோபம் ஒன்று உண்டு. அதனைச் சுற்றிக் கற்றூண்கள் வட்டமாக நிற்கின்றன. அருகிலுள்ள பாறையில் வடமொழிக் கல்வெட்டொன்று, பல்லவர் காலக் கிரந்த எழுத்தை ஒத்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கிரிகண்டிச் சைத்தியம் என்று அத்தலத்தைப் போற்றும் அக்கல்வெட்டு, திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகர்களை அதனோடு சேர்த்துப் பேசுகிறது. அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிரியையும் புகழ்கிறது. அந்த வணிகர்கள் எம்மவர் என்று உரிமை கொண்டாட நாம் முற்படவில்லை. நாம் கேட்பது வேறு. கடல் கடந்து வந்தோர் பக்தியோடு போற்றிய அந்த மலையில் விளக்கேற்றியோர் எங்கே போயினர்? தூண்கள் நின்றன, தொழுதவர்கள் நிற்கவில்லை. காடு வந்து மூடியது.

இனித் தெற்கே திரும்பித் திருக்கோணமலைச் சுவாமிமலையைப் பாருங்கள். 1620களில் பறங்கியர் கோணேசர் கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினர். அதன் கற்கள் கோட்டைக்குள் புகுந்தன. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே கோபுரமும் இல்லை, மூலத்தானமும் இல்லை. ஆயினும் மலையுச்சியில் நின்று கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு மக்கள் வணங்கினார்கள். நிலத்துள் புதைந்திருந்த திருவுருவங்கள் 1950 ஆம் ஆண்டு வெளிப்பட, 1963 ஆம் ஆண்டு குடமுழுக்கு நடந்தது. கோயில் போயும் சமயம் போகவில்லை!

ஒரே மாவட்டத்தில் இரண்டு மலைகள். ஒன்றில் கல் இருந்தது, பக்தர் இல்லை. மற்றொன்றில் பக்தர் இருந்தனர், கல் இல்லை. இதிலிருந்து விளங்குவது யாது? சமயம் கல்லில் வாழ்வதில்லை. வணங்குவோர் நெஞ்சில் வாழ்கிறது. அந்நெஞ்சினுள் எந்த அரசனுடைய வாளும் புகுந்ததில்லை.

ஒல்லாந்தர் ஆட்சி இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். ஞானஸ்நானம் பெற்றவனுக்கே அரசாங்க உத்தியோகம். திருச்சபையில் பதிந்த விவாகத்தின் பிள்ளைக்கே முதுசத்தில் உரிமை. பள்ளிக்கூடத் தோம்புகளில் பெயர்கள் ஆயிரக்கணக்கில் ஏறின. எழுத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் சீர்திருத்தக் கிறிஸ்தவ நாடாயிற்று. வீட்டிலோ விரதச் சோறுண்ட வாழையிலையைக் கூரை இறப்பில் மறைத்துவைத்தார்கள் என்று முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆங்கிலேயர் வந்து கட்டுப்பாடு தளர்ந்ததும் அந்தத் தோம்புக் கிறிஸ்தவம் காலைப் பனிபோல் மறைந்தது.

அதே ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தித் துரத்தி ஒடுக்கினர். குருமாரை நாட்டைவிட்டு வெளியேற்றினர். 1687 ஆம் ஆண்டு கோவாவிலிருந்து ஏழைக் கூலியின் வேடத்தில் யோசேப் வாஸ் அடிகள் வந்திறங்கி, இரவில் ஊர் ஊராக நடந்து, நோயாளர் அருகிலும் வறியோர் குடிசையிலும் இருந்து பணிபுரிந்தார். அரசாங்கம் ஆதரித்த திருச்சபை தேய்ந்து சுருங்கியது. அரசாங்கம் வேட்டையாடிய திருச்சபை மன்னாரிலும் கரையோரமெங்கும் இன்றுவரை நிற்கிறது. சட்டத்தின் துணைகொண்டு சமயம் வளர்க்க விரும்புவோர் இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும்.

இனி நம் சைவத்துக்கு வருவோம். தமிழகத்தில் பௌத்தமும் சமணமும் ஓங்கியிருந்த காலத்தில் சைவம் எவ்வாறு மக்களை மீட்டது? மன்னர் துணையும் இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் மன்னர் ஆதரவே மக்களை நிறுத்துமென்றால், சைவனாகிய இராசராசன் ஆனைமங்கலத்தையே கொடையாக அளித்த நாகபட்டினத்துச் சூடாமணி விகாரையைச் சுற்றித் தமிழ்ப் பௌத்தர் இன்றும் திரளாக வாழ வேண்டுமன்றோ? அவ்விகாரையின் இறுதி எச்சமும் 1867 ஆம் ஆண்டு இடிபட்டது.

மக்களை ஈர்த்தது மன்னரின் மானியமன்று. உழவனுக்கும் விளங்கும் தமிழில் இறைவனைப் பாடியதே ஈர்த்தது. வேடர் கண்ணப்பரும், மீன்பிடித்த அதிபத்தரும், மட்பாண்டம் வனைந்த திருநீலகண்டரும், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும் அடியவர் வரிசையில் அரசர்க்கும் அந்தணர்க்கும் சமமாக நிறுத்தப்பட்டார்கள். வா என்றழைத்த சைவம் வென்றது. அந்தச் சைவத்தின் பெயரால் பின்வந்தோர் செய்தது யாது? வெளுப்பவனின் வழித்தோன்றலையும் மீன்பிடிப்பவனின் வழித்தோன்றலையும் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்! உள்ளே கண்ணப்பருக்குக் குருபூசை, வெளியே கண்ணப்பரின் குலத்தாருக்குக் காவல்!

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கோயில் வாசலில் மறிப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நுழையச் சென்றோர் மறிக்கப்பட்டனர். மறித்து நின்றவர் படியாதவரல்லர். கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். அவ்வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒரு சாரார் பௌத்தத்தை நாடினார்கள். அவர்களைத் துரோகிகள் என்று ஏசியவர்கள் உண்டு. அவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டவர்கள் எத்தனை பேர்?

இந்தியாவிலும் இதே கதைதான். 1956 ஒக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் சட்ட மேதை அம்பேத்கர் இலட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். 1981 ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் பெருந்தொகையாக இசுலாத்தைத் தழுவின. வளைகுடாப் பணமே காரணம் என்று அப்போது கூவினார்கள். இந்திய நாட்டின் 1950 ஆம் ஆண்டுச் சனாதிபதி ஆணையோ, இசுலாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ போகும் தாழ்த்தப்பட்டவரின் சட்ட சலுகையைப் பறிக்கிறது. 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் மட்டுமே அது விரிக்கப்பட்டது. சலுகையை இழந்தும் போகிறானே, அவன் எதனைத் தேடிப் போகிறான்? பணத்தையா, மானத்தையா?

ஒரு சமயத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகாமல், சமயத்தையே துறந்தவர் கதையும் வேறன்று. ஈரோட்டுப் பெரியாரை நாத்திகத்துக்கு அழைத்துச் சென்றது நூலறிவு மட்டுமா? இளமையில் காசியில் பசியோடு நின்றபோது, பிறப்பின் காரணமாகச் சத்திரத்துச் சோறு மறுக்கப்பட்டதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. மறுத்த ஒரு வேளைச் சோற்றுக்கு வைதிகம் கொடுத்த விலையை யாரால் கணக்கிட முடியும்?

“அரிசியும் பணமும் கொடுத்தல்லவா இழுக்கிறார்கள்?” என்று கேட்பார்கள். கணவன் காணாமற்போய், மூன்று பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருக்கும் ஒரு தாயின் வாசலுக்கு முதலில் யார் போனது? தேர்த் திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் இலட்சங்களைச் செலவிடும் கோயில் நிருவாகம் ஒரு மூடை அரிசியோடு போயிருந்தால் அதனை யார் தடுத்தார்? அவள் அரிசிக்காக மட்டும் போகவில்லை. அவளுடைய பெயரைச் சொல்லி யாரோ ஒருவர் பிரார்த்தித்தார்; அழுதபோது அருகில் இருந்தார். அதற்காகப் போனாள். அவளைக் குற்றவாளியாக்கும் சட்டத்தையா நாம் கேட்பது?

வஞ்சகம் நடப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை. பிறர் தெய்வத்தை இழித்துரைப்போரும், நோயைக் காட்டி அச்சுறுத்துவோரும் உண்டு. வழிபாட்டிடத்தை அவமதித்தலையும் சமய உணர்வைப் புண்படுத்தலையும் தண்டனைச் சட்டக் கோவை 290 ஆம் பிரிவு முதலாக ஏற்கெனவே தண்டிக்கிறது. மிரட்டலுக்கும் மோசடிக்கும் பொதுச் சட்டமே போதும். அதற்கு மேலும் கேட்பவர்கள் எதனைக் கேட்கிறார்கள் என்பதை அறிந்து கேட்க வேண்டும்.

2004 ஆம் ஆண்டு ஜாதிக ஹெல உறுமய பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்த மதமாற்றத் தடை மசோதா, சமயம் மாறுபவர் அதனைப் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. உழவர் பெருமக்களே, காணி உத்தரவுப் பத்திரத்துக்காக நீங்கள் படியேறும் அதே செயலகத்தில், உங்கள் நெஞ்சிலுள்ள கடவுளையும் பதிந்துவர வேண்டும் என்பது இதன் பொருள். ஒல்லாந்தன் தோம்பு மீண்டும் வருகிறது! தான் விரும்பும் சமயத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்னும் அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரைக்கு அந்த ஏற்பாடு முரணானது என்று உயர் நீதிமன்றம் கண்டது. தமிழ்நாட்டில் 2002 ஆம் ஆண்டு இயற்றிய தடைச் சட்டத்தை 2004 ஆம் ஆண்டு இயற்றிய அரசே கைவிட்டது. பிறர் உண்டு கக்கியதை நாம் கேட்டு வாங்குவதா?

அந்த 10 ஆம் உறுப்புரைக்கு முன்னே 9 ஆம் உறுப்புரை இருக்கிறது. அது பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளிக்கிறது. அந்த அரசின் கையில் மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொடுத்தால், அது சைவத்தைக் காக்குமா? 2020 யூனில் கிழக்கு மாகாணத்துத் தொல்பொருள்களுக்கென அன்றைய சனாதிபதி ஒரு செயலணி அமைத்தார். அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைத்த அச்செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. திரியாய் உழவர் தம் வயலில் இறங்கும்போது எல்லைக்கல்லைப் பார்த்து இறங்க வேண்டிய காலம் வந்தது. பக்தியால் எழுந்த தாதுகோபத்தைக் காணி பிடிக்கும் எல்லைக்கல்லாக மாற்றுவது பௌத்தத்துக்குச் செய்யும் மரியாதையா?

திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரையின் மற்றொரு பெயர் இராசராசப் பெரும்பள்ளி. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள், அதற்கு விளக்கும் பசுவும் தானம் செய்தோரைச் சொல்கின்றன. பௌத்தம் தமிழனுக்கு அந்நியமன்று. தமிழன் விரும்பித் தழுவினான், பின்னர் விலகினான். இரண்டும் அவனுடைய உரிமை. அவன் விலகினான் என்பதற்காக அவனுடைய பரம்பரைக் காணியைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. அவ்வாறே சைவத்திலிருந்து ஒருவன் விலகினால் அவனைத் தண்டிக்க நமக்கும் உரிமையில்லை. முதல் வாதத்தை அரசுக்கு எதிராகச் சொல்லிவிட்டு, இரண்டாவதை நம் அயலவனுக்கு மறுப்போமாயின், எந்த நியாயசபையில் நாம் நிமிர்ந்து நிற்க முடியும்?

சமயம் மாறினால் தமிழினம் சிதறும் என்று அஞ்சுவோர் தந்தை செல்வாவை நினைக்கட்டும். அவர் கிறிஸ்தவர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறையில் அவர் தோற்றபோது அவருடைய சமயமும் அவருக்கெதிராகப் பேசப்பட்டது. 1956 இல் அதே சைவ மக்கள் அவரை வெற்றிபெறச் செய்தனர். அவ்வாண்டு ஓகஸ்டில் திருமலை மாநாட்டில் தமிழ் பேசும் மக்களின் கோரிக்கையை முன்வைத்த தலைவர் அவரே. நம் பாட்டன்மார் அவருடைய நேர்மையைக் கேட்டார்களேயன்றி ஞானஸ்நானப் பத்திரத்தைக் கேட்கவில்லை.

ஆகவே சட்டம் கேட்டு வரும் மனுவில் கையொப்பமிடாதீர்கள். கோயில் தருமகர்த்தாக்களே, உங்கள் நிருவாக சபையில் எந்தக் குடியினர் இதுவரை அமரவில்லை என்று எண்ணிப் பாருங்கள், அவரை அழையுங்கள். திருவிழாச் செலவில் ஒரு பங்கைப் போரில் கணவனை இழந்தவளின் பிள்ளைக்குக் கொடுங்கள். சட்டம் கற்றோரே, திரியாய் உழவனின் உறுதியையும் உத்தரவுப் பத்திரத்தையும் எடுத்துப் பார்த்து அவனுக்காக வழக்காடுங்கள். குன்றின் மேலுள்ள தாதுகோபம் பேணப்படட்டும். அடிவாரத்து வயல் உழுதவனிடம் இருக்கட்டும்.

சைவத்தைக் காக்கும் வழி கொழும்பிலில்லை. அது நம் கோயில் வாசலில் இருக்கிறது. அந்த வாசலின் திறவுகோல் எந்த அரசாங்கத்தின் கையிலும் இல்லை; நம் கையில் இருக்கிறது.