காந்தம் வச்சா கால் வருமா?

பக்கவாதம் வந்த வீட்டுக்கு விசாரிக்கப் போறவங்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்றது நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் புதுசில்ல. புறா ரத்தம் தடவுறதுல ஆரம்பிச்சு எல்லாம் கேட்டாச்சு. இப்ப அந்த லிஸ்ட்ல ஒண்ணு சேர்ந்திருக்கு: மூளைக்குக் காந்த ட்ரீட்மெண்ட். ஆபரேஷன் இல்ல, ஊசி இல்ல, ஒரு மா நிலத்தை வித்தாப் போதும், மனுஷன் எழுந்து நடந்துடுவார்ங்கிற மாதிரி பேசிக்கிறாங்க.

புறா ரத்தத்தோட இதைச் சேர்க்க முடியாதுங்க. 1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு, மண்டைக்கு வெளியே கம்பிச்சுருளை வைத்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டியது. டி.எம்.எஸ். என்பது இதுதான். ஈர ஸ்பாஞ்ச் வழியா 1, 2 மில்லி ஆம்பியர் கரண்ட் விடுற டி.டி.சி.எஸ். இன்னொரு வகை. மனச்சோர்வுக்கு டி.எம்.எஸ்.ஸை அமெரிக்கா 2008லேயே அனுமதிச்சிடுச்சு.

ஆனா கால் விஷயம் வேற. கையை ஆட்டுற பகுதி மூளையின் மேற்பரப்பிலேயே இருக்கு. காலுக்கான பகுதி, மூளையின் ரெண்டு பாதிக்கும் நடுவுல இருக்கிற பிளவுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. காந்தப்புலமோ தூரம் போகப் போக சட்டுன்னு குறைஞ்சிடும். கடைமடைக்குத் தண்ணி போற கதைதான். ஆராய்ச்சி முடிவுகளும் ஒரே மாதிரி இல்ல. சிலதுல கொஞ்சம் முன்னேற்றம், சிலதுல வித்தியாசமே இல்ல. நல்லா இருந்ததுன்னு சொல்றவங்களும் பயிற்சியோட சேர்த்துதான் கொடுக்கிறாங்க. வலிப்பு வந்தவங்க, பேஸ்மேக்கர் வச்சவங்க, தலைக்குள்ள உலோகக் கிளிப் இருக்கிறவங்க டி.எம்.எஸ். பக்கம் போறதுக்கு முன்னாடி நரம்பியல் டாக்டரைக் கட்டாயம் கேட்கணும்.

அப்ப காலைக் கொண்டு வர்றது எது? ரெண்டு ஆய்வைச் சொல்றேன். 2011ல் அமெரிக்காவில் 408 பேரை வச்சு ஒண்ணு பண்ணினாங்க. பெல்ட்ல தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்க வைக்கிற பயிற்சியும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து கொடுத்த பயிற்சியும் ஒரே அளவு பலன்தான் தந்தது. அடுத்தது நம்ம நாட்டுல, 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பேரை வச்சு நடந்த 'அட்டெண்ட்' ஆய்வு. குடும்பத்தாருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினாங்க. 2017ல் முடிவு வந்தது: ஆறு மாசம் கழிச்சு இறந்தவங்க, அடுத்தவங்களைச் சார்ந்து இருக்கிறவங்க ரெண்டும் சேர்த்து இந்தப் பக்கமும் 47 சதம், அந்தப் பக்கமும் 47 சதம்.

எனக்குப் புரியறது இதுதான். பெரிய மெஷின் இல்லாட்டியும் நடக்கும். பயிற்சி பெத்த ஆள் இல்லாம, வீட்டுக்காரங்க தலையில மட்டும் கட்டிட்டா நடக்காது. அதுவும் நம்மூர் ஆளுக்கு நடைன்னா ஆஸ்பத்திரி வராண்டா இல்லீங்க. வாசப்படி, கொல்லைப்புறம், வழுக்குற வரப்பு. அதையெல்லாம் வீட்டுக்கு வர்ற பிசியோதெரபிஸ்ட்தான் பார்க்க முடியும்.

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கிறது இருக்கு. நல்ல திட்டம். ஆனா வாதம் வந்த காலுக்கு எப்பவோ ஒரு தடவை பத்தாது, வாரத்துக்குப் பல தடவை வேணும். ஊர் ஊரா இன்னும் ஆள் போடுங்கன்னு நாம கேட்க வேண்டியது இங்கதான்.

காந்த ஆராய்ச்சி நடக்கட்டும், நாளைக்கே நல்ல முடிவு வந்தா சந்தோஷம். அதுவரைக்கும் நிலத்தை வித்துடாதீங்க. உங்க ஊர்ப்பக்கம் பிசியோதெரபிஸ்ட் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வர்றாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.