ஊட்டி ரயில் என்றால் இளக்காரமா?

லட்சங்களைக் கொட்டி சுவிட்சர்லாந்தில் பனிமலை ரயில் ஏறிவந்த கோவைக்காரர்களைக் கேட்டால், "ஊட்டி ரயிலுங்களா? அது ஆமையாட்டப் போகும்" என்று சிரிக்கிறார்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவிலுள்ள பற்களைக் கவ்விக்கொண்டு, சுமார் 12 அடிக்கு 1 அடி உயரம் ஏறும் வண்டி வேறெப்படிப் போகுமாம்? அந்தப் பல்சக்கர முறையைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் ஒரு சுவிஸ்காரர். பழைய நீராவி எஞ்சின்களும் அந்நாட்டு வின்டர்தூரில் செய்தவைதான். (புதியவை திருச்சி பொன்மலையில் செய்தவை. இளக்காரம் அதனால்தானோ என்னவோ!)

பனிமழை இங்கே கொட்டாது, வாஸ்தவம். ஆனால் மார்கழி, தையில் விடியற்காலை ஊட்டிப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். 2005இல் யுனெஸ்கோவே உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. மழைக்கு மண் சரிந்து மேட்டுப்பாளையம் வண்டி நாள்கணக்கில் நிற்கும்போது, "எப்போ விடுவீங்க?" என்று கேட்கக்கூட இவர்களில் ஒருவரும் வருவதில்லை.