வலி வந்தால்தான் பல் மருத்துவர்: கொல்கத்தா தொடங்கி வைத்த நூற்றாண்டில் மாறாத வழக்கம்

கொல்கத்தா: இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது, ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்ற கடையை நடத்தி, அதன் வருவாயில் கல்லூரியை வளர்த்தார். ஐஸ்கிரீம் விற்ற பணத்தில் பல் மருத்துவம் வளர்ந்தது என்பது சற்று வேடிக்கையான வரலாறுதான். 1949-இல் மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தக் கல்லூரி, சியால்டா அருகே இன்று அவரது பெயரிலேயே இயங்குகிறது.

நாட்டில் தற்போது 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மருத்துவர்கள் பெருகிய அளவுக்கு, வலி இல்லாதபோதும் அவர்களை நாடும் பழக்கம் பெருகவில்லை.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் ஆய்வுகள் மூலம் தொடர்ந்து அளவிடப்படுகிறது. 18 முதல் 64 வயது வரையிலானோரில், முந்தைய 12 மாதங்களில் பல் மருத்துவரிடம் சென்றவர்கள் 2019-இல் 65.5 சதவீதமாக இருந்தனர். கொரோனா பரவிய 2020-இல் இது 62.7 சதவீதமாகக் குறைந்தது. மூன்று புள்ளிகளுக்கும் குறைவான சரிவுகூட அங்கே கணக்கில் பதிவாகிவிடுகிறது.

இந்தியாவின் ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் (2019-21) கிடைக்கும் நெருக்கமான தகவல், வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை பற்றியது. 30 முதல் 49 வயது வரையிலானோரில், வாழ்நாளில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.2 சதவீதம் மட்டுமே.

மேற்கு வங்கத்தில் இதன் பொருள் இன்னும் கடுமையானது. 2016-17 உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, அம்மாநிலத்தில் 33.5 சதவீத வயதுவந்தோர் புகையிலை பயன்படுத்துகின்றனர்; தேசிய சராசரி 28.6 சதவீதம். புகையிலையால் வாயில் தோன்றும் வெண்ணிற, செந்நிறத் திட்டுகள் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. விளக்கொளியில் வாயைப் பார்க்கும் மருத்துவர் அவற்றைச் சில நிமிடங்களில் கண்டறிய இயலும். ஆனால், வலியை மட்டுமே அழைப்பாகக் கருதுபவர் அந்த நிலையில் மருத்துவரிடம் வருவதே இல்லை.

மக்களின் அலட்சியம் என்று மட்டும் இதைக் கூறிவிட முடியாது. மேற்கு வங்க அரசு 2016-இல் தொடங்கிய ‘ஸ்வாஸ்த்ய சாத்தி’ திட்டமும், மத்திய அரசின் ‘ஆயுஷ்மான் பாரத்’ திட்டமும் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுப் பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டவை. சொத்தைப் பல்லை அடைப்பதோ, பல்லைச் சுத்தம் செய்வதோ புறநோயாளி சிகிச்சை. தனியார் மருத்துவரிடம் சென்றால் அந்தச் செலவு நோயாளியின் கையிலிருந்தே போகிறது. அரசு மருத்துவமனையில் கட்டணம் குறைவுதான். ஆனால், தினக்கூலிக்குச் செல்பவர் அங்கு வரிசையில் நிற்க ஒரு நாள் ஊதியத்தை இழக்க வேண்டும்.

எனவே சிகிச்சை தள்ளிப்போகிறது. தொடக்கத்தில் அடைத்தால் முடிந்துவிடக்கூடிய சொத்தை, வேரை எட்டிய பிறகு வேர் சிகிச்சையையும் செயற்கை உறையையும் கோருகிறது. அதற்குரிய பணமும் இல்லாதவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்புகிறார்.