ஜெர்மனியில் பிஎச்டிக்கு ஃபீஸ் இல்லை... பழவேற்காட்டிலிருந்து கிளம்பத்தான் காசு இல்லை!

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பக்கத்திலேயே பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஜெர்மனியின் ப்ரெமென் நகரில் வெப்பமண்டலக் கடல் ஆய்வுக்கென்றே லைப்னிட்ஸ் மையம் இயங்குகிறது. முகத்துவாரத்தை மணல் மூடினால் இறால் வரத்து என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த மீனவக் குப்பத்துப் பிள்ளை, அங்கே முனைவர் பட்டம் படிக்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால், மார்க் இருந்தாலும் பணம் மறிக்கிறது.

ஃபீஸ் இல்லைன்னா, அப்புறம் என்ன செலவு?

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் நம் பொறுப்பு. மியூனிக்கில் ஒரு அறைக்கே 700, 800 யூரோ போய்விடும். லைப்சிக் போன்ற நகரங்களில் குறைவு.

சம்பளமோ உதவித்தொகையோ இல்லாமல் மாணவர் விசா கேட்பவர்கள், ‘பிளாக்டு அக்கவுன்ட்’ எனும் கணக்கில் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டுக் காட்டுவதுதான் வழக்கம். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே சுமார் 12 லட்சம்! அதிலும் மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும்.

வேலையா, உதவித்தொகையா?

ஜெர்மனியில் பிஎச்டி பெரும்பாலும் ஒரு வேலை. மாநில அரசு ஊதிய அட்டவணையின் 13-ம் நிலையில், 65 சதவீதப் பணியிடம் கிடைத்தால் வரி, காப்பீடு போகக் கையில் ஏறக்குறைய 2,000 யூரோ நிற்கும். டிஏஏடி உதவித்தொகை 1,300, 1,400 யூரோ அளவில்தான். எனவே முதலில் தேட வேண்டியது பணியிடத்தை. ஒப்பந்தம் கையில் இருந்தால் பிளாக்டு அக்கவுன்டே தேவைப்படாது.

ஆனால், சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அதற்குள் விமான டிக்கெட், முதல் மாத வாடகை, சாப்பாடு, வீட்டு அட்வான்ஸ்... அட்வான்ஸாக மட்டும் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. கூட்டிப் பார்த்தால் 3 லட்சமாவது ஆகும்.

பாடு வந்தால்தான் வருமானம்

பழவேற்காட்டில் யார், எந்த நாளில், எங்கே வலை போடலாம் என்பதைப் ‘பாடு’ முறை தீர்மானிக்கிறது. பாடு இல்லாத நாளில் வருமானமும் இல்லை. இந்த வீட்டில் சம்பளச் சீட்டுக்கு எங்கே போவது? 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும். மனைக்குப் பட்டா இல்லாத குடும்பம் அங்கேயே நின்றுவிடும்.

அரசு உதவி யாருக்கு?

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு ரூ.36 லட்சம் வரை தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான நல்ல திட்டம். ஏரியில் கையால் இறால் பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் பெரும்பாலும் பட்டியல் சாதியினருக்கானது. ஆனால், பட்டினவர் உள்ளிட்ட மீனவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இந்த இரண்டு திட்டங்களிலும் அவர்களுக்கு வழியில்லை.

இருப்பவர்களின் பங்கைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. பணி ஒப்பந்தத்தைக் காட்டும் மீனவர் பிள்ளைக்கு, மீன்வளத் துறை 3 லட்ச ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தரலாம். சம்பளம் வரத் தொடங்கியதும் மாதத் தவணையில் திருப்பிக் கட்டிவிடலாம். மானியம்கூட இல்லை, சில மாதக் கைமாற்று. பணியிடமே கிடைத்த பிறகும் டிக்கெட்டுக்கும் அட்வான்ஸுக்கும் வழியில்லாமல் ஒருவர் ஊரிலேயே நின்றுவிட்டால், அது அந்தக் குடும்பத்தின் நஷ்டம் மட்டும்தானா?